வெள்ளி இரவு 10.52-க்கு வந்த போட்டோ: வகுப்புத் தோழரை நேர்காணல் செய்த ஒரு நிகழ்வு ஆய்வு

பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டுவாக்கில் இப்படி ஒரு அசைன்மென்ட் வருவதுண்டு: உன் குழுவிலிருந்து ஒருவரை நேர்காணல் செய், அவர் குழுவில் எப்படி வேலை செய்கிறார் என்று இரண்டு பக்கம் எழுது. தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரத்துக்கான 12 கற்றல் விளைவுகளின் பட்டியலில் ஒன்பதாவதாக 'தனியாகவும் குழுவாகவும் பணியாற்றுதல்' இருந்தது. அதற்குச் சான்று காட்ட இந்த மாதிரி அசைன்மென்ட் கைகொடுக்கும். ஆனால் பல இடங்களில் மதிய இடைவேளையில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். 'இவர் பொறுமைசாலி, நேரம் தவறாதவர், எல்லோருடனும் அனுசரித்துப் போவார்' என்று எழுதி, கையெழுத்து வாங்கி, ஃபைலில் வைத்துவிடுவார்கள். வேறொருவர் பெயரைப் போட்டாலும் அதே அறிக்கை அப்படியே பொருந்தும்.

ஒழுங்காகச் செய்தால் இந்த நேர்காணல் ஒரு குழுவையே காப்பாற்றும். எப்படி என்பதற்குத்தான் இந்த நிகழ்வு. இதில் வரும் நால்வரும் ஒரே கல்லூரியின் மாணவர்கள் அல்லர். சென்னையை ஒட்டிய கல்லூரிகளின் மினி ப்ராஜெக்ட் குழுக்களில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்த மாதிரிக் குழு இது. ஆகவே பெயர்கள் இல்லை, அவரவர் பொறுப்பைச் சொல்லியே குறிப்பிடுகிறோம்.

குழுவும் வேலையும்

ஈ.சி.ஈ. (மின்னணு, தகவல்தொடர்பு பொறியியல்) மூன்றாம் ஆண்டு, நான்கு பேர் கொண்ட பேட்ச். மண்ணின் ஈரத்தை அளந்து தானாகத் தண்ணீர் விடும் கருவி செய்ய வேண்டும். சாமான்கள் எளியவை: ஈஎஸ்பி 8266 என்ற வைஃபை சில்லு உள்ள ஒரு நோட்எம்சியு போர்டு, கெப்பாசிட்டிவ் வகை ஈரப்பத சென்சார், பம்பை ஓடவிட்டு நிறுத்தும் சுவிட்சாக 5 வோல்ட் ரிலே, தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சின்ன டிசி பம்ப்.

பேட்ச் லீடர் டே ஸ்காலர். மாலை 4.40-க்குக் கல்லூரி பஸ் கிளம்பிவிடும், அதற்குப் பிறகு அவரைப் போனில்தான் பிடிக்க முடியும். புரோகிராம் எழுதுபவரும் டே ஸ்காலர்தான். ரிப்போர்ட்டும் பிபிடியும் தயாரிப்பவர் ஹாஸ்டல். சர்க்யூட்டைக் கவனிப்பவர் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த லேட்டரல் மாணவர், அவரும் ஹாஸ்டல். சால்டரிங் அயர்ன் பிடிப்பதில் மற்ற மூவரும் அவருக்குப் பக்கத்தில் வர முடியாது. ஆனால் கைடும் (ப்ராஜெக்டுக்குப் பொறுப்பான ஆசிரியர்) இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பது லீடரின் நெடுநாள் குறை.

முதல் ரிவ்யூ புதன்கிழமை காலை. லீடர் போர்டை லேப்டாப்பின் யூஎஸ்பியில் சொருகினார். சென்சார் ரீடிங் சரியாக வந்தது. சென்சாரைக் காய்ந்த மண்ணில் குத்தியதும் ரிலே 'டிக்' என்றது, பம்ப் அரைச் சுற்றுச் சுற்றியது, போர்டு அணைந்து மறுபடி எழுந்தது. மீண்டும் டிக், மீண்டும் அரைச் சுற்று. ஐந்தாறு தடவை இப்படியே. பின்னால் நின்ற லேட்டரல் மாணவர் "சார்ஜர்ல போடு" என்று மெல்லச் சொன்னார். அதற்குள் ரிவ்யூ பேனல் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

காரணம் சாதாரணமானது. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியருக்குத்தான் உத்தரவாதம். வைஃபை சிக்னல் அனுப்பும் நொடியில் ஈஎஸ்பி 8266 நிறைய மின்னோட்டம் இழுக்கும். பம்ப் சுழலத் தொடங்கும் கணத்தில் அதன் இழுப்பும், ஓடும்போது இருப்பதைவிடப் பல மடங்கு. இரண்டும் ஒரே வயரில் சேர்ந்து வந்தால் வோல்டேஜ் சரியும், சில்லு ரீசெட் ஆகும். பம்புக்குத் தனி அடாப்டர் கொடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை. இது லேட்டரல் மாணவருக்கு ஐந்து நாள் முன்பே தெரிந்திருந்தது என்று ரிவ்யூ முடிந்தபின் வெளிவந்தபோது, லீடருக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 'தெரிஞ்சும் சொல்லல, பொறுப்பே இல்ல' என்று மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார். நேர்காணல் அசைன்மென்ட் அதே வாரம் வந்தது. யாரைக் கேட்பது என்று அவர் யோசிக்கவே இல்லை.

முதல் நேர்காணல்: 12 நிமிடம்

எட்டுக் கேள்விகளை ஆங்கிலத்தில் டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, கேன்டீனில் வைத்துக் கேட்டார். குழுவில் உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, கருத்து வேறுபாட்டை எப்படிக் கையாளுவீர்கள், நீங்கள் தலைவரா தொண்டரா என்ற வகைக் கேள்விகள். பதில்களும் அதே வகைதான். "டீம் ஒர்க் முக்கியம். அட்ஜஸ்ட் பண்ணிப் போவேன். வீக்னஸ்னா… கொஞ்சம் அமைதி."

இந்தப் பன்னிரண்டு நிமிடம் வீணாகப் போனதற்கு மூன்று காரணங்கள். முதலாவது பெரியது, மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் சின்னவை.

'நீ எப்படிப்பட்டவன்' என்று கேட்டால் எவரும் தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் படத்தைத்தான் காட்டுவார், நடந்ததைச் சொல்ல மாட்டார். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு மனப்பாடம் செய்த பதில்கள் வேறு நுனிநாக்கில் தயாராக இருக்கும். ஜான் ஃபிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படை ஆய்வுகளில் இதை நேரே சந்தித்தவர். நல்ல விமானிக்கு என்ன குணம் வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, குறிப்பிட்ட ஒரு சம்பவத்தில் யார் என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்று கேட்டுத் தொகுக்கும் முறையை வளர்த்தார். 1954-இல் அந்த முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கு எச்.ஆர். அறையில் 'ஒரு சூழ்நிலையைச் சொல்லுங்கள்' என்று கேட்கும் கேள்விகளும் அந்த முறைக்கு நெருங்கிய உறவுதான்.

இரண்டாவது, மொழி. தினமும் 'நீ, வா, போ' என்று பேசும் இருவர், தாளில் ஆங்கிலக் கேள்வி இருக்கிறது என்பதற்காகத் திடீரென்று 'நீங்க' என்று மாறினார்கள். அந்தக் கணத்திலேயே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் கொடுக்கப்பட்டாலும் பேச்சு தமிழில் இருக்கட்டும், மொழிபெயர்ப்பை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, கேன்டீன். அங்கே இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் 'என்னடா இன்டர்வியூவா' என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்.

இரண்டாவது நேர்காணல்: 35 நிமிடம்

எழுதிப் பார்த்த அறிக்கையில் எதுவும் இல்லை என்று லீடருக்கே தெரிந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டார். இந்தத் தடவை கடைசிப் பீரியட் லேப் காலியாக இருந்த நேரம். வெறும் கையோடு வரச் சொல்லாமல், "அந்த பிரெட்போர்டையும் எடுத்துட்டு வா" என்றார். சின்ன விஷயம்தான், ஆனால் பலன் பெரிது. கையால் வேலை செய்கிறவர்களுக்குப் பொருள் கையில் இருந்தால் பேச்சு தானாக வரும். புரோகிராம் எழுதுபவரிடம் பேசுவதானால் லேப்டாப் திறந்திருக்கட்டும், ரிப்போர்ட் எழுதுபவரிடம் ஃபைலின் பழைய பிரதிகள் மேசையில் இருக்கட்டும்.

பேச்சைப் போனில் பதிவு செய்யலாமா என்று முதலில் கேட்டார். "வேணாம், எழுதிக்கோ" என்று பதில் வந்தது. எழுதிக்கொண்டார். 'பேருக்குத்தான், யாரும் கேட்க மாட்டாங்க' என்று வற்புறுத்தாமல் விட்டதே அவர் செய்த முதல் நல்ல காரியம்.

பிறகு கேட்டது ஐந்தே கேள்விகள்:

"போன வெள்ளிக்கிழமை லேப் முடிஞ்சதுலேர்ந்து சொல்லு. என்ன பண்ணுன?"
"அப்ப மேசை மேல என்னென்ன இருந்துச்சு?"
"யார்கிட்டயாவது சொன்னியா? எப்படிச் சொன்ன?"
"அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"
"இதே மாதிரி சிக்கல் வந்து, ஆனா நல்லபடியா முடிஞ்ச ஒரு நாள் இருக்கா?"

'ஏன்' என்று தொடங்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'ஏன் சொல்லல?' என்பது கேட்பவருக்குக் கேள்வி, எதிரில் இருப்பவருக்குக் குற்றச்சாட்டு. தற்காப்புப் பதில்தான் வரும். 'எப்படி', 'எப்போ', 'அப்புறம்' என்று போனால் காரணம் தானே வெளியே வந்துவிடும்.

முதல் கேள்விக்கே பத்து நிமிடம் ஓடியது. ஹாஸ்டலில் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை அறையில் உட்கார்ந்து டெஸ்ட் செய்வது அவர் வழக்கம் என்பது லீடருக்கு அன்றுதான் தெரியும். வெள்ளியன்று அறைத்தோழரின் லேப்டாப்பில் சொருகி ஓட்டியபோது போர்டு ரீசெட் ஆகத் தொடங்கியது. சனிக்கிழமை போன் சார்ஜரில் போட்டுப் பார்த்தார், ஓடியது. ஞாயிறும் ஓடியது. சரியாகிவிட்டது என்று முடிவு கட்டினார். ரிவ்யூ மேசையில் லீடர் லேப்டாப்பில் சொருகுவார் என்று அவருக்குத் தோன்றவில்லை. சார்ஜரில் மட்டும்தான் ஓடும் என்று லீடருக்குத் தெரியாது.

மூன்றாவது கேள்விக்கு அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். "சொன்னேனே. போட்டோ போட்டேன்."

லீடர் போனை எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் மேலே தள்ளிக்கொண்டே போனார். வெள்ளி இரவு 10.52. போர்டு அனுப்பும் செய்திகளை லேப்டாப்பில் காட்டும் சீரியல் மானிட்டர் திரையின் போட்டோ ஒன்று. கேப்ஷன் இல்லை. திரையில் ஒரே மாதிரியான பொருளற்ற எழுத்துக் குவியல், அதன் கீழே இரண்டு சென்சார் ரீடிங், மறுபடி அதே குவியல், மறுபடி இரண்டு ரீடிங். ஈஎஸ்பி 8266 ஒவ்வொரு முறை எழும்போதும் முதல் சில வரிகளை 74880 பாட் (தகவல் அனுப்பும் வேகத்தின் அளவு) வேகத்தில் அனுப்பும். மானிட்டரை 115200-இல் வைத்திருந்தால் அது இப்படிக் கிறுக்கலாகத்தான் தெரியும். கிறுக்கல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது. தெரிந்தவர் கண்ணுக்கு அந்த ஒரு போட்டோ முழு நோய்க்குறிப்பு. அதற்குக் கீழே, பிபிடியின் முதல் ஸ்லைடில் கல்லூரி லோகோ இடமா வலமா என்று பதினேழு மெசேஜ். அதில் நான்கு லீடர் எழுதியவை.

அந்தக் கணத்தில் நேர்காணலின் திசை மாறியது. 'இவன் சொல்ல மாட்டான்' என்பது விசாரணையின் தொடக்கப்புள்ளியாக இருந்தது. இவர் சொல்லியிருக்கிறார், கேட்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை என்பது கையில் கிடைத்த ஆதாரம். நேர்காணலுக்குப் போகும்முன் குரூப் உரையாடல், ஃபைல் சேமித்த நேரம், கேலரியில் இருக்கும் படங்கள் எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிவிட்டுப் போகச் சொல்வது இதற்காகத்தான். நினைவு ஏமாற்றும், போனில் இருக்கும் மணி நேரம் ஏமாற்றாது.

நான்காவது கேள்விக்குப் பிறகு அவர் சற்று நேரம் பேசவில்லை. வயர் ஒன்றைப் பிடுங்கி அதே துளையில் திரும்பக் குத்திக்கொண்டிருந்தார். மௌனத்தை நிரப்ப லீடர் வாயெடுக்கவில்லை, இதுவும் பழக வேண்டியது. மனத்துக்குள் ஏழு எண்ணுங்கள், பெரும்பாலும் ஐந்துக்குள் பேச்சு வந்துவிடும். வந்தது.

"டிப்ளமோ ஒர்க்‌ஷாப்ல பழுது என்னன்னு கண்டுபிடிச்சுட்டுத்தான் சார்கிட்ட போகணும். 'ஓடல'ன்னு மட்டும் போய் நின்னா திட்டுதான். அப்புறம், குரூப்ல எல்லாரும் இங்கிலீஷ்ல போடுறீங்க. கைடும் இருக்காரு. நான் ஏதாவது தப்பா எழுதிட்டா…"

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லி லீடரும் கேட்கவில்லை.

ஐந்தாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. நன்றாக முடிந்த நாளைக் கேட்டால்தான் இவருக்கு எது உதவுகிறது என்று தெரியும். முந்தைய செமஸ்டர் லேபில் ஒரு ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட் ஓடாதபோது, பக்கத்து மேசை மாணவர் எழுந்து வந்து பார்த்ததும் இருவரும் பத்து நிமிடத்தில் சரிசெய்ததைச் சொன்னார். நேரில், ஒருவரோடு ஒருவராக, பொருளை நடுவில் வைத்துப் பேசினால் இவர் நன்றாகவே பேசுகிறார். குரூப்பில்தான் பேசுவதில்லை.

குறிப்பை எழுதிய விதம்

நோட்டில் பக்கத்தை நெடுக்காக மூன்றாகப் பிரித்திருந்தார்: அவர் சொன்னது, நான் பார்த்தது, நான் நினைப்பது. முதல் கட்டத்தில் அவருடைய சொற்களே இருக்க வேண்டும், திருத்தக் கூடாது. இரண்டாவதில் மணி, எண்ணிக்கை, போட்டோ. மூன்றாவதை அன்று இரவு எழுதலாம், ஆனால் அறிக்கையில் சேர்க்கும்முன் முதல் இரண்டு கட்டங்களில் அதற்குத் துணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'பொறுப்பில்லாதவர்' என்று மூன்றாவது கட்டத்தில் முன்பே எழுதி வைத்திருந்ததற்கு எதிரே இரண்டு கட்டமும் காலி. அடித்துவிட்டார்.

இதோடு சின்னதாக இன்னொரு சோதனையும் செய்தார்கள். இதுவரை நடந்த வேலையில் தன் பங்கு எத்தனை சதவீதம் என்று நால்வரும் தனித்தனித் தாளில், ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதினர். கூட்டினால் 40, 35, 30, 25, மொத்தம் 130. யாரும் பொய் சொல்லவில்லை. உளவியலாளர்கள் மைக்கேல் ராஸும் ஃபியோர் சிகோலியும் 1979-இல் தம்பதியரிடம் வீட்டு வேலைகளைப் பற்றி இதே மாதிரி கேட்டபோதும், கணவன் மனைவி இருவரும் சொன்ன பங்கைக் கூட்டினால் முழுமைக்கும் மேலே போனது. தான் செய்த வேலை தனக்கு முழுதாக நினைவிருக்கும், மற்றவர் செய்தது கண்ணில் பட்ட அளவுதான். இங்கே 25 எழுதியவர் லேட்டரல் மாணவர். இரவு ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை அவர் உட்கார்ந்திருந்ததை மற்ற மூவரும் பார்த்ததே இல்லை. இந்தச் சோதனையை மார்க் பிரிக்கப் பயன்படுத்தாதீர்கள், சண்டையில் முடியும். எந்த வேலை யார் கண்ணுக்கும் படாமல் நடக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டும்.

அறிக்கையில் கடைசியாக வந்த பத்தி இது:

'பழுது வந்தால் தானே காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் பிறரிடம் கொண்டுபோகிறார். இதற்குச் சராசரியாக இரண்டு இரவுகள் எடுத்துக்கொள்கிறார். தகவலை எழுத்தில் சொல்வதைவிடப் படமாக அனுப்புகிறார். ஆங்கிலத்தில் நடக்கும் குரூப்பில் எழுதத் தயங்குகிறார், நேரில் தயங்குவதில்லை. குழு அவருடைய படங்களைத் திறந்து பார்ப்பதில்லை.'

ஐந்து வாக்கியம். வேறு எவர் பெயரையும் இதற்கு மேல் போட முடியாது. கடைசி வாக்கியம் குழுவைப் பற்றியது என்பதால் அதை எடுத்துவிடலாமா என்று லீடர் தயங்கினார். எடுக்கக் கூடாது. ஒருவரின் வேலைப் பழக்கம் என்பது பாதி அவரிடமும் பாதி அவரைச் சுற்றி இருப்பவர்களிடமும் இருக்கிறது.

வரைவைச் சமர்ப்பிக்கும்முன் அவரிடமே படிக்கக் கொடுத்தார். தமிழ் மீடியத்தில் படித்தவர் என்ற குறிப்பை எடுத்துவிடச் சொன்னார், எடுக்கப்பட்டது. அரியர், வீட்டு நிலைமை, சாதி, ஹாஸ்டல் அறைச் சண்டை இதெல்லாம் நேர்காணலில் பேச்சோடு பேச்சாக வந்து விழும். அறிக்கைக்கு அதில் ஒன்றும் தேவையில்லை, நோட்டில்கூட எழுத வேண்டாம்.

நேர்காணலிலிருந்து வந்த நான்கு ஏற்பாடுகள்

கைடு இல்லாமல் நால்வருக்கு மட்டும் இரண்டாவது குரூப், அதில் தமிழ். போட்டோ போட்டால் அதோடு மூன்றில் ஒரு சொல் கட்டாயம்: 'ஓடுது', 'ஓடல', 'உதவி வேணும்'. 'ஓடல' என்று வந்தால் மற்ற மூவரில் ஒருவராவது அன்றிரவே பதில் எழுத வேண்டும், தெரியாவிட்டாலும் 'பார்த்தேன், நாளைக்கு நேர்ல பேசலாம்' என்றாவது. ரிவ்யூவுக்கு 48 மணி நேரம் முன்பே, ரிவ்யூ அன்று எந்த லேப்டாப், எந்த வயர், எந்த அடாப்டரோ அதே சாமான்களை வைத்து ஒரு முழு ஓட்டம், அதன்பிறகு எதையும் மாற்றக் கூடாது. நான்காவது, தினமும் 4.15 முதல் 4.30 வரை லேபில் நின்றபடி ஒரு சந்திப்பு, பஸ் நேரத்தைப் பார்த்து வைத்தது.

48 மணி நேரம் எதற்கு என்று கைடு கேட்டார். கடைசி நாள் கணக்கு எப்போதும் தப்பும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே கெட்டுப்போனாலும் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 48.6. உண்மையில் ஆனது 55.5 நாள். தன் வேலைப் பழக்கத்தைப் பற்றி ஒருவர் சொல்லும் வாக்குறுதியில் நாள் கணக்கை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. 'போன தடவை எத்தனை நாள் ஆச்சு?' என்று கேட்டு அந்த எண்ணை எழுதுங்கள்.

எல்லா ஏற்பாடும் நிலைக்கவில்லை. 4.15 சந்திப்பு இரண்டு வாரம் நடந்தது, இன்டர்னல் டெஸ்ட் வந்ததும் நின்றது, பிறகு யாரும் அதைத் தொடங்கவில்லை. நின்றபடி பேசினாலும் தினமும் என்பது அதிகம். வாரம் இரண்டு நாள் என்று வைத்திருந்தால் பிழைத்திருக்கும். ரிப்போர்ட் எழுதுபவர் மூன்று சொல் விதியைப் பின்பற்றவே இல்லை. அவர் வேலையில் 'ஓடுது, ஓடல' என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஒருவரைக் கேட்டு அமைத்த விதியை நால்வருக்கும் போட்டதால் வந்த பிசகு அது. அவரையும் தனியாக ஒரு நேர்காணல் செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது ரிவ்யூவுக்கு மூன்று நாள் முன்பு சென்சார் போனது. கெப்பாசிட்டிவ் சென்சாரில் மண்ணுக்குள் போகும் பகுதிக்குத்தான் பூச்சுப் பாதுகாப்பு, மேலே ஐசி உள்ள பகுதி திறந்தே கிடக்கும். பம்ப் குழாய் நழுவித் தண்ணீர் மேலே தெறித்துவிட்டது. ஞாயிறு இரவு 9.40-க்குப் புதுக் குரூப்பில் போட்டோ வந்தது. நனைந்த சென்சார், கீழே கேப்ஷன்: 'ஓடல. மேல தண்ணி பட்டுருச்சு. புதுசு வேணும்.' 9.44-க்கு லீடர் எழுதினார்: 'பார்த்தேன். நாளைக்குக் காலைல ரிச்சி ஸ்ட்ரீட் போயிட்டு வர்றேன். ஒண்ணா ரெண்டா?'

'ரெண்டு. கூடவே நெயில் பாலிஷ் ஒரு பாட்டில், மேல் பக்கம் பூசணும்.'